பலகையில் எழுதாத மாத்திரை

திருவொற்றியூர்
14.6.2003, சனிக்கிழமை

மரியாதைக்குரிய ராசையா அண்ணாச்சிக்கு,

தேரடிப் பக்கத்திலிருந்து டில்லிபாபு வணக்கம் சொல்லி எழுதுகிறேன். வீட்டில் வரலட்சுமியும் மகள் ஷாலுவும் நன்றாக இருக்கிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன். அப்படி எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

வியாழக்கிழமை போனில் நீங்கள், "என்னவே டில்லி, ஓட்ஸ் டின் கிளம்பிட்டா?" என்று கேட்டீர்கள். "கிளம்பிடுச்சி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். டின் கிளம்பவில்லை. நான் வாங்கவே இல்லை. இந்தப் பொய்யில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் உங்களிடம் சொன்ன பொய்களில் இதுதான் சின்னது.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நீங்கள் மகள் ஜெனி வீட்டிலிருந்து கோயில்வரை நடந்து போய்த் திரும்புகிறீர்கள், மூச்சு வாங்குவதில்லை என்று முதல் பக்கத்தில் படித்தபோது வரலட்சுமியைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். பாளையங்கோட்டைத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்று அவள் சொன்னாள். இரண்டாம் பக்கத்தை நான் சத்தம் போட்டுப் படிக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுகிறேன், கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் ஒரு மாதமாகக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, வீட்டுக்காரி சுகிர்தம் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். "நீர் மாத்திரை இல்லாமல் இறக்கிக் காட்டினீர், என்னால் ஆகாதா" என்று கேட்டு, நான்கு டின் பார்சல் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள்.

அண்ணாச்சி, அந்த மாத்திரையைத் துப்பாதீர்கள். இதயத்தில் குழாய் வைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லத்தான் உடனே எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். புதன்கிழமை சாயங்காலம் சுகிர்தம் அக்கா எடுத்தார்கள். மாத்திரை எல்லாம் போடுகிறாரா என்று கேட்டேன். "போடுதாவ தம்பி, நாந்தான் எடுத்துக் கையில குடுக்கேன்" என்றார்கள். அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னார்கள். நீங்கள் துப்புவதைச் சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், ஆனால் அது இல்லை காரணம். உங்களைச் சொன்னால் அடுத்த வார்த்தையாக என்னைச் சொல்ல வேண்டும், அதனால்தான்.

மறுநாள் திரும்பப் போய், அவர் முழுங்குகிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். அக்கா, "நான் பாத்து என்ன தம்பி செய்ய? ஜெனி சொன்னாலும் கேக்க மாட்டாவ, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அது போதும்" என்று போனை உங்களிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் நீங்கள் டின்னைக் கேட்டீர்கள், நான் கிளம்பிவிட்டது என்றேன். பூத்துக்காரன் பில்லை நீட்டியதைக்கூடக் கவனிக்காமல் வெளியே வந்து ஹைரோட்டில் நின்றேன். கன்டெய்னர் லாரி வரிசை எர்ணாவூர்வரை நின்றிருந்தது. ஒரு லாரிக்காரன் என்னைப் பார்த்து, "யோவ், ஓரமா நில்லுய்யா" என்று கத்தினான். எனக்கு அது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன். நானும் மாத்திரை போடுகிறேன், அண்ணாச்சி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் நவம்பர் மாதத்திலிருந்து இன்றுவரை, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே துப்புகிறீர்களே, அதே ஜாதி மாத்திரை.

எப்படி ஆரம்பித்தது என்பதை முழுக்க எழுதுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர்களுக்கு வருஷம் ஒரு முறை மெடிக்கல் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நவம்பரில் எனக்குக் கொலஸ்ட்ரால் 286 வந்தது. டாக்டர் அஜீசுன்னிசா அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் கிரேன் ஏற ஃபிட்னஸ் எழுத மாட்டேன், கீழே யார்டில் நின்று கன்டெய்னர் நம்பர் எழுதும் வேலைதான் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சீட்டில் இரண்டு விஷயம் எழுதினார்கள். மேலே மாத்திரை. கீழே ஓட்ஸ். சீட்டில் மாத்திரைதான் மேலே இருந்தது, அதை நான் மறைத்தேன். கீழே இருந்ததை ஊருக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். உங்கள் கடையில் ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் சோப்பு டப்பாவைத் திறந்து மாத்திரையை எடுப்பீர்கள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு நான் தினமும் என்ன சொல்வேன்? "இன்னா அண்ணாச்சி, மளிகைக் கடைக்குள்ள ஒரு மெடிக்கல் ஷாப்பும் ஓடுது போல கீது." எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் தண்ணீர் குடித்துக்கொண்டே சிரிப்பீர்கள். மூன்று வருஷம் அதே கேலி, அலுக்கவே இல்லை எனக்கு. அப்படிப் பேசிய வாயால், நாளையிலிருந்து எனக்கும் ஒரு டப்பா வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கிரேன்மேல் ஏறுகிற எங்கள் கூட்டத்தில் மாத்திரை போடுகிறவன் என்றால் அவன் கதை முடிந்தது என்று பேசுவார்கள். அதை முதலில் பேசுகிறவனும் நான்தான்.

ஓட்ஸ் கேட்டு உங்களிடம் வந்தபோது நீங்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. "குதிரைக்குப் போடுத சாமானாவே?" என்று கேட்டுவிட்டு, எனக்காகப் பாரிமுனைவரை போய் இரண்டு டின் கொண்டுவந்தீர்கள். கடைக்குப் பின்னால் ஸ்டவ்வைப் பற்றவைத்து நாம் இரண்டு பேரும் காய்ச்சினோம். சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு வரலட்சுமிதான் மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, கேழ்வரகுக் கூழ் மாதிரி செய்து கொடுத்தாள். நெத்திலிக் கருவாடு ஒரு துண்டு கடித்துக்கொண்டு குடித்தால் இறங்கியது. காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். அதில் நான் பொய் சொல்லவில்லை. ஓட்ஸை ஒரு நாளும் விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை.

பிப்ரவரியில் 198 வந்தது. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு ஓடிவந்தேன். ஆட்டோ ஹபீபுல்லா இருந்தான், கோயில் பூசாரி கிருஷ்ணப்பன் இருந்தார், இன்னும் நாலைந்து பேர். நீங்கள் கண்ணாடியைப் போட்டு நம்பரை இரண்டு தடவை படித்துவிட்டு, "மாத்திர ஏதும் போட்டீராவே?" என்று கேட்டீர்கள். நேராகக் கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை. நான் சொன்னது, "மாத்திரையா? அதெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அண்ணாச்சி. இது இரும்பு உடம்பு, கஞ்சியே போதும்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் மிகவும் பிடித்திருந்தது.

மறுநாள் வந்து பார்த்தால், நீங்கள் கடை வாசலில் பருப்பு விலை எழுதுகிற கரும்பலகையைத் துடைத்துவிட்டு, உங்கள் குண்டு எழுத்தில் எழுதி வைத்திருந்தீர்கள்: "நமது டில்லிபாபு. 286-லிருந்து 198. மாத்திரை இல்லை. ஓட்ஸ் மட்டும். இங்கே கிடைக்கும்." நான் அதைப் பார்த்து, "இன்னா அண்ணாச்சி இது, வேணாம்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். துடைக்கச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பலகை அங்கேயே இருந்தது. மழையில் எழுத்து அழிந்தால் நீங்கள் திரும்ப எழுதினீர்கள்.

பிறகு நான் ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியும். ஓட்ஸ் டில்லி என்று பெயரே வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் தெரியாத பெண்கள் எல்லாம் வந்து, அவர்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார்கள். நான் பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, கேழ்வரகு மாவில் பாதிக்குப் பாதி ஓட்ஸைக் கலக்கச் சொன்னேன். கிருஷ்ணப்பன், "அம்மனுக்கும் கொலஸ்ட்ரால் பாத்துட்டியா நைனா?" என்று கேட்டுவிட்டுக் கலந்தார். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டன் இல்லாமல் முடியாது என்று தெரிந்து, நான்தான் சொன்னேன்: மட்டனைச் சாப்பிடுங்கள் அண்ணாச்சி, மேலே ஒரு தம்ளர் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றுங்கள், பஞ்சு மாதிரி கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். நீங்களும் அப்படியே, சுகிர்தம் அக்கா வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்ட ஓட்ஸை மருந்து மாதிரி ஒரு தம்ளர் குடித்தீர்கள். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. நானே வாயில் வந்ததைச் சொன்னேன்.

இதுவரைக்கும் எழுதியதை நீங்கள் சிரித்துக்கொண்டு மன்னித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். இனி எழுதப்போவது அப்படி இல்லை. மத்தியானம் எழுத ஆரம்பித்தேன், இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்க் கல்மேல் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் வந்தேன். வரலட்சுமி டீ வைத்துவிட்டுப் போனாள்.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் என்னைக் கடைக்கு உள்ளே கூப்பிட்டீர்கள். புளி மூட்டைக்குப் பின்னால் நிற்கவைத்து, தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தீர்கள். மூன்று அட்டை மாத்திரை. "ஊருக்கெல்லாம் மாத்திர இல்லாம இறங்கும்னு போர்டு எழுதி வெச்சிட்டு, எட்டு மணிக்கு நானே டப்பாவத் தொறந்தா அசிங்கமா இருக்குவே. நேத்தோட நிறுத்திட்டேன். உம்ம வழிதான் எனக்கும். இத இல்லாதப்பட்டவுக யாருக்காவது குடும்" என்றீர்கள்.

எனக்கு வந்த வெட்கம் போலவே உங்களுக்கும் ஒரு வெட்கம் வந்திருக்கிறது, அதுவும் என் பொய்யால் வந்திருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு அது புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நீங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாமே என்று அரைகுறையாக முனகினேன். "டாக்டருக்கு என்னவே தெரியும், நீர்தான் கண்ணு முன்னால நிக்கீரே" என்று என் தோளில் தட்டினீர்கள். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஒரு கடை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். என் மாத்திரைதான். அதே பெயர், அதே அளவு. அந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் போய் வாங்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, கப்பல் மேல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி, அந்த மாத்திரையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன். முப்பது மாத்திரை, முப்பது நாள். நீங்கள் நிறுத்திய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உங்கள் கடை மூட்டைமேல் உட்கார்ந்து, பார்த்தீர்களா மாத்திரை இல்லாமலே எவ்வளவு தெம்பாக இருக்கிறீர்கள் என்று உங்களிடமே பேசினேன்.

ஷாலுவுக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது, ஞாயிறு கோயிலுக்குத் தவிர ஒரு நாளும் மூடாத கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு மூன்று நாள் படுத்திருந்த மனிதர் நீங்கள். உங்கள் மாத்திரையைத்தான் நான் தின்றேன். இதை எழுதும்போது என் முகத்தை யாரும் பார்க்காமல் இருப்பது நல்லது.

இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள் காலை, துவரம் பருப்பு மூட்டையை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று ஹபீபுல்லா ஓடிவந்து சொன்னான். அவன் ஆட்டோவில்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். என் மடியில் தலை வைத்திருந்தீர்கள், சட்டையெல்லாம் வேர்வை. ராயபுரம் பாலத்தில் ஏறும்போது கண்ணைத் திறந்து, "இன்னைக்கு ஓட்ஸ் குடிக்காம கடைக்கு வந்துட்டேன்வே, அதான் இப்படி" என்றீர்கள். ஹபீபுல்லா கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் உங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஆமாம் அண்ணாச்சி என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர், கொலஸ்ட்ரால் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். சுகிர்தம் அக்கா பதில் தெரியாமல் என்னைப் பார்த்தார்கள். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு நீங்கள், "யாரும் சொல்லல, நானாத்தான் நிறுத்துனேன்" என்றீர்கள். என்னை அந்த இடத்தில் காப்பாற்றினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெனி வந்து, "கவலைப்படாதீங்க மாமா, அப்பா பொழைச்சிக்குவாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னது. அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொன்னதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து வரலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாத்திரை போடுவது அவளுக்குத் தெரியும், உங்கள் மூன்று அட்டை தெரியாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு இத்தனை மாதமாக, அண்ணாச்சியிடம் சொன்னாயா, சொன்னாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அவள் எடுத்துப் படித்துவிட்டு, "யோவ், நீ எய்தறியா, இல்ல நான் எய்தட்டா?" என்று கேட்டாள்.

போனில் டின் பொய்யைச் சொன்ன அன்றே டாக்டர் அஜீசுன்னிசா அம்மாவிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்கள். ஓட்ஸ் வெந்தால் கொழகொழவென்று வருகிறதே, அந்தக் கொழகொழப்புதான் நார்ச்சத்தாம். அது குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய வேண்டும், அதற்கு ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். அப்படித்தான் இறங்குகிறது. மட்டன் கொழுப்பைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்று நான் சொன்னதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள். தினமும் இரண்டு கிண்ணம் ஒழுங்காகச் சாப்பிட்டாலும் 286-ல் ஒரு பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது குறையும், மீதி எல்லாம் மாத்திரை செய்த வேலை என்றார்கள். குழாய் வைத்த ஆளுக்கு அந்த மாத்திரை கட்டாயம், ஓட்ஸ் அதற்குத் துணைதான், பதில் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்கள். ஒரு மாதம் விட்டுப்போனதை மறைக்காமல் உங்கள் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டுமாம்.

கிளம்பும்போது, "டில்லிபாபு, ஒரு மாத்திரை போடறதுல உங்களுக்கு அப்படி என்ன வெட்கம்?" என்று கேட்டார்கள்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போனேன். உங்கள் தம்பி மகன் தேவகிருபை கடையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், கவலை வேண்டாம். எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, நான் மாத்திரை போட்டதைச் சொல்லிவிட்டு, ஈரத்துணி வாங்கிப் பலகையைத் துடைத்தேன். உங்கள் மூன்று அட்டையைப் பற்றி அங்கே சொல்லவில்லை. அதை அவர்களுக்கு முன்னால் நீங்கள்தான் கேட்க வேண்டும். ஹபீபுல்லா, "நான் எங்க ஓட்ஸ் துன்னேன்? எங்க வூட்ல அந்த டின்ன உளுந்து போட்டு வைக்கத்தான் வாங்குனாங்கோ" என்றான். சிரிப்பு வந்தது எல்லோருக்கும், என்னைத் தவிர. ஆனால் காசிமேட்டில் மீன் விற்கிற செங்கொடி, பலகையைப் பார்த்துவிட்டு ஐந்து மாதமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். இன்று காலை அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "உன்ன நம்பித்தானேய்யா நிறுத்துனேன், எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கோ கீது" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை அவளை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.

இந்தக் கடிதத்தோடு டாக்டர் அம்மா அந்த நவம்பரில் எழுதிய சீட்டை வைத்திருக்கிறேன். என் பெயரும் தேதியும் இருக்கிறது, மாத்திரை பெயரும் இருக்கிறது. ஜெனியும் அக்காவும் சேர்ந்து என்னை இப்படி எழுதச் சொன்னார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். சீட்டை சுகிர்தம் அக்காவிடமும் காட்டுங்கள். என்னைப் பற்றி அக்கா என்ன நினைத்தாலும் சரி.

ஓட்ஸை விட வேண்டாம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் இல்லாமல், காலைப் பலகாரத்துக்கு மேலே குடிக்காமல், பலகாரத்துக்குப் பதிலாகக் குடியுங்கள். லீவு சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை காலை உங்கள் முன்னால் வந்து நிற்பேன். டின்னை நானே எடுத்து வருகிறேன். நேரில் வந்தால் முதல் வார்த்தை வராது என்றுதான் கடிதத்தை முன்னால் அனுப்புகிறேன். வாசலிலேயே நிறுத்தி அனுப்பினாலும் போய்விடுகிறேன், ஜெனியிடம் டின்னைக் கொடுத்துவிட்டு.

ஆனால் அதுவரைக்கும் காத்திருக்காதீர்கள். இந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கு உள்ள மாத்திரையை அக்கா கையிலிருந்து வாங்கி, தண்ணீரை ஊற்றி முழுங்குங்கள். நான் சொல்வதை நம்பி ஒன்றை நிறுத்தினீர்கள், அதே வாய் சொல்கிறது என்று அருவருப்பாக இருந்தாலும் முழுங்குங்கள். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அண்ணாச்சி. மன்னிப்பதற்கும் மன்னிக்காமல் இருப்பதற்கும் நீங்கள் இருக்க வேண்டும்.

தலை குனிந்து,
டில்லிபாபு